மந்திரியம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டது

எனக்குத் தலைவலி வர வேண்டுமென்றால் ஒரு பொன்னாடையைக் காட்டினால் போதும். காரணம் இதுதான்.

எண்பதுகளில் செஞ்சிப் பக்கத்தில் ஒரு ஒன்றிய ஆபீஸில் கிராம சேவிகாவாக இருந்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பெண் மந்திரி வருகிறார், காலையில் கோட்டை, பதினோரு மணிக்கு உங்கள் மாதர் சங்கம் என்று போன் வந்தது. ஆபீஸில் இங்கிலீஷ் பேசும் பெண் நான் ஒருத்திதான். மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

சங்கத்துக்கென்று ஒரு கட்டடம் இருந்தது, பேருக்கு. கட்டின நாளிலிருந்து அதில் பஞ்சாயத்துத் தலைவரின் மல்லாட்டை மூட்டைகள்தான், அதாவது வேர்க்கடலை மூட்டைகள்தான், குடியிருந்தன. சங்கத்துப் பெண்கள் பிள்ளைகளை வரப்பில் போட்டுவிட்டுக் களை எடுக்கிறவர்கள். கட்டடத்தைக் கொடுத்தால் பால்வாடி நடத்தலாம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். போன மழையில் சங்கத் தலைவி எல்லம்மாவின் மகளை வரப்பில் பாம்பு கடித்து, குழந்தை பிழைத்ததே பெரிய விஷயம். நானோ மாதாமாதம் ரிப்போர்ட்டில் 'கட்டடம் சங்கத்தின் உபயோகத்தில் உள்ளது' என்று எழுதிக்கொண்டிருந்தேன். எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

மந்திரி வருகிறார் என்றதும் மூட்டைகள் வெளியே போயின, சுண்ணாம்பு அடித்தாயிற்று. எங்கள் ஒன்றிய அதிகாரி பி.டி.ஓ. என்னைக் கூப்பிட்டு, "யம்மா, எதையும் கிளறாதீங்க. ப்ரோக்ராம் நல்லபடியா முடியணும்" என்றார்.

வந்தவருக்குப் பொன்னாடை போடவே முக்கால் மணி நேரம். தலைவர், துணைத் தலைவர், தலைவரின் மச்சான், போட்டோ சரியாக விழவில்லை என்று மறுபடியும் மச்சான். அந்தம்மா அத்தனை பொன்னாடைக்குள் வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றார். ஒருத்தனுக்காவது புத்தி வேண்டாமா?

கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு எல்லம்மா எதிரில் தரையில் உட்கார்ந்தார். இங்கே எப்போதெல்லாம் கூடுவீர்கள் என்று கேட்டார். தமிழில் சொன்னேன்.

"இன்னிக்குத்தான் உள்ளயே வரோம். நாளைக்கு மூட்ட வந்துடும். அந்தம்மாகிட்ட சொல்லு" என்றாள் எல்லம்மா.

பி.டி.ஓ. என்னையே பார்த்தார். நான் இங்கிலீஷில், "வாராவாரம், செவ்வாய்க்கிழமை" என்றேன்.

மந்திரி சந்தோஷமாகச் சிரித்தார். உற்சாகத்தில் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சந்தையில் கருவாடு விற்றவராம். சந்தைக்குக் கூரை கேட்டுப் பெண்களைத் திரட்டி, கவுன்சிலராகி, ஒரு வருஷம் ஜெயிலிலும் இருந்தவராம்.

"கவுன்சிலரானதும் எனக்குக் கொடுத்த அறையில் உடைந்த நாற்காலிகளை அடைத்து வைத்திருந்தார்கள். மூன்று மாதம் மனு எழுதினேன். நாலாவது மாதம் எல்லாவற்றையும் வெளியே தூக்கிவைத்துவிட்டு என் பூட்டைப் போட்டேன். மந்திரியானதெல்லாம் அப்புறம். என் அரசியல் அந்தப் பூட்டில்தான் ஆரம்பித்தது."

இதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். இதில் என்ன வம்பு வரப்போகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் டிராக்டரில் மூட்டை வந்தபோது திறந்திருந்த கதவின் நாதாங்கியில் புதுப் பூட்டு தொங்கியது. உள்ளேயிருந்து பிள்ளைகள் சத்தம். தலைவர் பி.டி.ஓ.விடம் ஓடினார், பி.டி.ஓ. என்னிடம் பாய்ந்தார். "உங்களாலதான் இந்த டென்ஷன். போய் சாவிய வாங்கிட்டு வாங்க."

போனேன். எல்லம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து நான் சொன்னத அந்தம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"நெனச்சேன். அத்தக் கேட்டுட்டு யாராவது சிரிப்பாங்களா?"

எனக்கு மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பி.டி.ஓ. சாவி கேட்கிறார் என்று முணுமுணுத்தேன்.

"தர மாட்டேன்னு போய்ச் சொல்லு. இத்தையாவது ஒழுங்காச் சொல்லு."

போய்ச் சொன்னேன், அவள் சொன்ன மாதிரியே. அந்த மாத ரிப்போர்ட்டில் கட்டடம் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் எழுதினேன். முதலில் மெமோ வந்தது, பிறகு டிரான்ஸ்பர். பூட்டை யாரும் உடைக்கவில்லை. ரிப்போர்ட் மேலே போய்விட்டதால் உடைக்கப் பயந்தார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்களே, கேட்டதை முழுசாகச் சொல்லுங்கள். இவ்வளவு சின்ன விஷயம் என் மண்டையில் ஏற ஒன்பது வருஷ சர்வீஸ் ஆயிற்று. வெட்கக்கேடு.