புதினாக்காரரின் கைராசி

எங்கள் தெருவில் பெரிய மனிதர் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. ஆகவே குழாயடிக்கு எதிர்வீட்டுப் புதினாக்காரரை அந்தப் பதவியில் அமர்த்தியிருந்தோம். அவர் அதற்கு விண்ணப்பித்ததில்லை. தினமும் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவார். அவருக்கு ஐந்து வீடு முன்னால் அவருடைய வாசனை வரும். சட்டைப் பையிலிருந்து ஒரு கொத்துப் புதினா எட்டிப் பார்க்கும். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர், மேலெல்லாம் மூலிகை மணக்கிறது, அதிகம் பேசவும் மாட்டேன் என்கிறார். வைத்தியம் தெரிந்தவராக இருக்க இதற்குமேல் என்ன வேண்டும்? தெரு முடிவு செய்துவிட்டது. முடிவு செய்வதில் எங்கள் தெரு எப்போதுமே சுறுசுறுப்பு.

ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டால், "ஏ.சி. செக்‌ஷன்" என்பார். இதில் ஒரு துளிப் பொய் இல்லை. அந்தக் கட்டடத்தில் பழுதாகாமல் ஓடிய ஒரே ஏ.சி. பிணவறையில் இருந்தது. அங்கேதான் அவர் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர். வந்து சேர்ந்தவரைத் தள்ளுவண்டியிலிருந்து இறக்க வேண்டும். கால்களை நீட்டிப் பாதங்களைச் சேர்த்து வைக்க வேண்டும். பேரும் நம்பரும் எழுதிய சீட்டைக் கால் கட்டைவிரலில் நாடாவால் கட்டிக் குளிர்ப்பெட்டிக்குள் தள்ள வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் கைபட்டவர்களில் ஒருவர்கூடப் புகார் சொன்னதில்லை. இந்தப் பெருமை அங்கே வேறு எந்தப் பிரிவுக்கும் கிடையாது.

புதினா அவருக்குக் கிடைத்தது வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். முன்னால் இருந்தவர் கொடுத்துவிட்டுப் போன தலைவலித் தைலம் கண்ணை எரித்ததே தவிர வாடையை ஒன்றும் செய்யவில்லை. வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பின்வழியாகக் கிளம்பியவர், சமையலறைக் குழாயடியில் காடாக மண்டிக் கிடந்த புதினாவை மிதித்துவிட்டார். குனிந்து நாலு இலையைப் பறித்தார், கசக்கினார், முகக்கவசத்துக்குள் வைத்துக்கொண்டார், திரும்பி உள்ளே போனார். அதோடு அவருக்குப் புதினா என்றால் பிணம் என்று ஆகிவிட்டது. மல்லிகை என்றால் உங்களுக்கும் எனக்கும் எது எதுவோ நினைவுக்கு வருகிறதில்லையா, அது மாதிரி.

அவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கை இருந்தது: அந்த வாசனை வாசற்படி தாண்டக் கூடாது. அதனால் பையில் மிஞ்சிய கொத்தைக் கேட்டில் தொங்கிய பழைய பெயின்ட் டப்பாவில் எறிந்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சட்டை நேராகப் பின்கட்டு வாளிக்குப் போகும். குளித்து முடித்த பிறகுதான் அவர் ஒருவருக்குக் கணவர்.

டப்பாவில் மழைத் தண்ணீர் தேங்கிக் காம்புகள் வேர்விட்டன. தெரு அதைத் தர்ம வைத்தியசாலை என்று புரிந்துகொண்டது. விக்கலுக்கு ரெண்டு இலை போனது. தலைவலிக்கு அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டார்கள். எறும்புக்கு அலமாரி மூலையிலும், நாற்றத்துக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஷூவுக்குள்ளும் வைத்தார்கள். பல் வலிக்குக் கடைவாயில் அடக்கிக்கொண்டவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அந்த வீட்டில் அதுவே பெரிய குணம் என்றார்கள். மூன்று வருஷமாக வலது விலாவுக்குக் கீழே வாயுப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்த தையல்காரர் தினம் நாலு இலை மென்றார். "அண்ணனுக்குக் கைராசி" என்று அவர்தான் முதலில் சொன்னது. அண்ணன் மறுக்கவில்லை. மறுத்தால் ஏ.சி. செக்‌ஷன் கதையை முழுசாகச் சொல்ல வேண்டிவரும்.

உண்மை தெரிந்தவர் தெருவில் ஒரே ஒருவர், புதினாக்காரரின் மனைவி. தையல்காரருக்குப் பட்டன் கட்டிக் கொடுக்கிற அந்த அம்மாள், கல்யாணத்துக்கு முன்னால் புதினாவை வெறும் வாயில் மெல்லும் ரகம். கல்யாணத்துக்குப் பிறகு கணவருக்காக விட்டுவிட்டார். இதெல்லாம் தியாகம் என்று எந்தக் கல்வெட்டிலும் எழுதுவதில்லை.

அந்த அம்மாளுக்கு வயிறு மந்தம் என்று ஆரம்பித்தது. பிறகு பாதிச் சோற்றில் எழுந்தார். பிறகு பாவாடை நாடா இறுக்க இறுக்க நழுவியது. கணவர் கேட்டபோதெல்லாம், இப்போது தேவலை என்றார். உண்மையிலேயே கொஞ்சம் தேவலையாகத்தான் இருந்தது. ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு உட்கார்ந்தவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியின் மாடிப் பக்கத்துக்குப் புதினாக்காரர் போனது அன்றுதான் முதல் தடவை. அறுவை செய்த டாக்டர் ரொம்ப மரியாதையான மனிதர். திறந்து பார்த்தோம், அப்படியே மூடிவிட்டோம், ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் வேறு பேச்சு, இனி வீட்டில் வைத்துப் பிடித்ததைக் கொடுங்கள் என்றார்.

வீட்டில் எது கொடுத்தாலும் வெளியே வந்தது. கஞ்சி வந்தது, பால் வந்தது, வெறும் தண்ணீரும் வந்தது. கடைசியில் தையல்காரர் மனைவி பெயின்ட் டப்பாவிலிருந்து ஒரு பிடி பறித்து வெந்நீரில் ஊறவைத்துக் கொண்டுவந்து, "இதக் குடிச்சுப் பாருக்கா" என்றாள். மூன்று கரண்டி உள்ளே போனது. போனது தங்கியது. தெருவே கொண்டாடியது. புதினாக்காரர் மட்டும் பின்கட்டுக்குப் போய் வெகுநேரம் நின்றார்.

மறுநாள் மத்தியானம் அவரே செய்தார். இலையைக் கழுவினார், கசக்கினார், வெந்நீர் ஊற்றி மூடி வைத்தார், துணியில் வடிகட்டினார். ஜன்னல் வழியே வெயில் கட்டில்மேல் அடித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக வீட்டுக்குள் அந்த வாசனை நிறைந்தது. மனைவி நாலு கரண்டி குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இவர் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

கைகள் என்று இரண்டு இருக்கின்றனவே, அவற்றுக்கு இது வீடு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. மூக்கு உத்தரவு கொடுத்தது, கைகள் கீழ்ப்படிந்தன. போர்வையை விலக்கின. மடங்கியிருந்த கால்களை மெதுவாக நீட்டின. பாதங்களைச் சேர்த்து வைத்தன. பிறகு வலது கை சட்டைப் பைக்குள் போய் நாடாவைத் தேடியது.

மனைவி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஏங்க, சீட்டு எழுதியாச்சா?"

அவர் கையைப் பையிலிருந்து இழுத்துக்கொண்டார்.

"நம்பராவது நல்ல நம்பராப் போடுங்க. கட்டும்போது தளர்த்திக் கட்டணும். எனக்குக் கால்ல கூச்சம்னு தெரியும்ல?"

புதினாக்காரர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டார். அப்புறம் தினமும் அப்படித்தான். கரண்டியை வைத்ததும் கைகளுக்குமேல் உட்கார்ந்துவிடுவார். பார்க்க வந்தவர்கள் இதுவும் ஏதோ வைத்திய முறை என்று மரியாதையோடு பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் கேட்டார், இத்தனை மாதம் வலியை எப்படித் தாங்கினாய் என்று. மனைவி உத்தரத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"தாங்கல. நீங்க வேலைக்குப் போனதும் டப்பாலேருந்து பறிச்சுத் தின்னேன். நீங்க வர்றதுக்குள்ள உப்புத் தண்ணியில வாய் கொப்பளிச்சிடுவேன், மணக்கக் கூடாதுன்னு."

"அது மருந்தில்லன்னு உனக்குத் தெரியாதா? தெருவுக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது?"

"தெரியும். ஆனா தெருவே சொல்லுதேங்க. அத்தனை பேரு சொன்னா, நமக்குத் தெரியாம உங்களுக்கு ஏதோ கைராசி இருக்கும்போலன்னு நெனச்சேன்."

நாலு கரண்டி மூன்றாகி, மூன்று ஒன்றாகி, ஐந்தாவது வாரம் ஒரு காலையில் அந்த ஒன்றும் கடைவாயில் வழிந்துவிட்டது. கட்டிக்கொடுத்த மகள் இருந்தது இரண்டு நாள் பயண தூரத்தில். அவள் வரும்வரை வைத்திருக்க, பழுதாகாமல் ஓடும் ஏ.சி. ஒன்றுதான் இருந்தது. உன்னால் முடியாது, வேறு ஆளை வைத்துக்கொள்கிறோம் என்று பிணவறை வாட்ச்மேன் சொல்லிப் பார்த்தார். புதினாக்காரர் கேட்கவில்லை. அன்று முகக்கவசத்துக்குள் இலை வைக்காமல் போனார். கால்களை நீட்டினார், பாதங்களைச் சேர்த்தார், சீட்டை எழுதினார். நாடாவை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்திக் கட்டினார். அது நழுவி விழுந்தது. மறுபடி தளர்த்தியே கட்டினார்.

பத்து நாள் கழித்துத் தையல்காரர் கேட்டருகே நின்று விலாவை அமுக்கிக்கொண்டு டப்பாவுக்குக் கை நீட்டியபோது, புதினாக்காரர் அந்தக் கையைப் பிடித்தார்.

"இது மருந்தில்ல தம்பி. நான் வைத்தியனும் இல்ல. பொணத்து நாத்தம் தெரியாம இருக்க மூக்குல வச்சிக்கிறது இது. மிச்சத்தத்தான் இங்க போடுறேன். என் வீட்டுலயே இத நம்பித்தான் போனா. நீ போயி டாக்டரப் பாரு."

தையல்காரர் கேட்டார். ஒன்று விடாமல் கேட்டார். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்து, குழாயடியில் வெகுநேரம் விவாதம் நடந்தது. இருபத்திரண்டு வருஷம் பிணத்தோடு கிடந்தும் அந்த மனிதருக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லையே, அப்படியானால் அந்தப் புதினாவுக்கு எவ்வளவு சக்தி இருக்க வேண்டும் என்று தெரு முடிவு செய்தது.

மறுநாள் காலை அவர் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது டப்பா பாதி காலியாக இருந்தது. தையல்காரர் மிஷினை மிதித்தபடி மென்றுகொண்டிருந்தார். நாலு இலை போய் இப்போது எட்டு. பேன்ட்டை நழுவாமல் பிடிக்க அளவு நாடாவை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தார்.