மாப்பிள்ளை வீட்டாரின் சுருக்கங்கள்

அவர் மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் கண்டதில்லை, காலரை வைத்துத்தான். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் அவர் பார்வை நேராக அவர்கள் கழுத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். 'இடது பக்கம் நைந்துபோன நீலக்கோடு' என்று மனதுக்குள் ஆளைக் கண்டுபிடித்த பிறகுதான் உதட்டுக்குச் சிரிப்பு வரும். அதற்குள் வணக்கம் சொன்னவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.

சின்ன லாண்டரிக்கடை. முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்கு 'மடிப்பு' என்று பெயர். மச்சினன் வைத்தது. நெரிசலான பேருந்தில் ஒற்றைக்காலில் நின்று வந்தாலும் அவருடைய வெள்ளைச் சட்டையின் கையில் கத்தி முனை மாதிரி இருக்கும் மடிப்பு அப்படியே இருக்கும். "மாமா தூங்குறதே ஹேங்கர்லதான்" என்பான் மச்சினன். அவர் மறுத்ததில்லை. மறுப்பதென்றால் வாயைத் திறக்க வேண்டுமே.

கடைக் கவுண்டரில் அவருக்கு மூன்று வாக்கியங்கள் போதும். "எத்தனை உருப்படி?" "பையில ஏதாவது இருக்கான்னு பாருங்க." "எப்ப வேணும்?" இந்த மூன்றை வைத்துக்கொண்டே ஒரு பெண்ணை வளர்த்துப் படிக்க வைத்து, கல்யாணம் வரை கொண்டுவந்துவிட்டார். மிச்சப் பேச்சு மொத்தமும் மனைவியின் இலாகா.

சிக்கல் வந்தது நிச்சயம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றைக்கு. வெளியூரிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிட்டுப் போகும்வரை அவர் ஜன்னல் ஓரமாக நின்று திரைச்சீலையை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குப் போன கையோடு மாப்பிள்ளையின் அம்மா பெண்ணுக்குப் போன் செய்தாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்காதம்மா. உங்க அப்பாவுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லையா? போற வரைக்கும் என்னை முறைச்சுக்கிட்டே இருந்தாரே."

பெண் எவ்வளவோ சமாதானம் சொன்னாள். அந்த அம்மாள் "சரிம்மா, சரிம்மா" என்றாள். சமாதானமாகாதவர்கள் சொல்லுகிற சரி அது.

அதனால்தான் கல்யாணத்துக்கு அவள் அப்பாவுக்கென்று ஒரே ஒரு வேலை வைத்தாள். கல்யாணம் கடற்கரையில்; மண்டபம், மேடை, ஆடம்பரம் எதுவும் கிடையாது. கோடை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிற வரிசை வீடுகளை எடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்து சேர வேண்டியது, சனிக்கிழமை சாயங்காலம் மணலில் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்ட வேண்டியது. அழைப்பிலேயே, 'செருப்பு அவசியமில்லை, இஸ்திரி அதைவிட அவசியமில்லை' என்று அச்சடித்திருந்தாள். அதைப் படித்த அன்று அவர் இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார்.

"அப்பா, வெளியூர்க்காரங்களை வரவேற்கறது நீங்கதான். வாங்கன்னு சொல்லணும், பிரயாணம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கணும், சிரிக்கணும். அத்தைகிட்ட நாலு வார்த்தை நல்லா பேசணும். அவங்க மனசுல அந்தச் சந்தேகத்தோட நான் அந்த வீட்டுக்குப் போக முடியாது. அப்புறம், இஸ்திரிப் பெட்டி வரக்கூடாது."

"சரிம்மா" என்றார். அதுவும் அதே ஜாதி சரிதான்.

கையடக்க இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் துண்டில் சுற்றி, பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து எடுத்துவந்தார். மனைவி பார்த்துவிட்டாள். "உபயோகிக்க மாட்டேன். பக்கத்துல இருந்தா ஒரு தைரியம்" என்றார். சிலர் மாத்திரை வைத்துக்கொள்வதில்லையா என்று அவளும் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்கக் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை. "வாங்க, வாங்க. பிரயாணம் எல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" கண்ணாடியில் இருந்தவர் நல்ல மனிதர்; சௌகரியமாகத்தான் இருந்தது என்று தலையாட்டினார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேன் வந்து நின்றது. கதவு திறந்து மாப்பிள்ளையின் அம்மா இறங்கினாள். பின்னால் மாப்பிள்ளை, அவனுடைய பெரியப்பா, தம்பிகள், சிநேகிதர்கள். ராத்திரி பூராவும் பயணம் செய்த சட்டைகள். ஒருவர் முதுகில் இருக்கையின் கோடுகள் அப்படியே பதிந்திருந்தன. ஒருவருடைய காலரில் ஒரு பக்கம் எழுந்து நின்றது, மறுபக்கம் படுத்திருந்தது. அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் கைகூப்பிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். பின்னாலிருந்து பெண் மெல்ல இடித்தாள். அவர் வாயைத் திறந்தார்.

"மொத்தம் எத்தனை உருப்படி?"

வேன் டிரைவர்கூட ரேடியோவை நிறுத்திவிட்டான்.

பெரியப்பாதான் காப்பாற்றினார். தொப்பையைத் தடவிக்கொண்டு, "பதினோரு உருப்படி சம்பந்தி. இதுல ஒண்ணு மட்டும் சாயம் போனது, பார்த்துப் போடுங்க" என்று தன் நரைத்த தலையைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்தாள், ஆனால் உதட்டோடு நின்றுவிட்ட சிரிப்பு. எண்ணி உள்ளே விடுகிறாரே இந்த மனிதர் என்று அதற்கு அர்த்தம்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கடலுக்குக் கிளம்பினார்கள். பெரியப்பா உடுத்தியதோடு தண்ணீரை நோக்கி ஓடியபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "பையில ஏதாவது இருக்கான்னு பாருங்க!" பெரியப்பா நின்று பையைத் தடவினார். செல்போன். "அடேயப்பா, சம்பந்தி இல்லேன்னா இன்னிக்கு மீனுங்கதான் போன் பேசியிருக்கும்!" என்றார். அவருக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது. பரவாயில்லை, இரண்டாவது வாக்கியம் பலித்துவிட்டது.

அந்தத் தெம்பில்தான் தப்பு நடந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு பெரிய துணிப்பையை அவரிடம் கொடுத்து, "நாளைக்குப் பசங்க போடப்போற சட்டைங்க. கொஞ்சம் உள்ள வெச்சிருங்க சம்பந்தி, மணல் பட்டுடப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். பையின் ஜிப் பாதியில் நின்றிருந்தது. அதன் வழியாக ஒரு சட்டைக் கை எட்டிப் பார்த்தது. அது சட்டைக் கை மாதிரியே இல்லை; பிழிந்து போட்ட கயிறு மாதிரி இருந்தது. ஜிப்பைத் திறந்தார். உள்ளே எல்லாச் சட்டைகளும் முறுக்கி முறுக்கி, நூல் கட்டிக் கிடந்தன. பிரித்தார். நுனியிலிருந்து நுனிவரை சுருக்கம்.

அவருக்கு மனசு தாங்கவில்லை. பாவம், இடமில்லாமல் இப்படித் திணித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். நாளைக்கு இதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்கும்போது அந்த அம்மாளுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும்? வாயால் வரவேற்கத் தெரியாவிட்டால் என்ன, கையால் வரவேற்கலாமே. பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.

கதவைத் தாழிட்டு, சாப்பாட்டு மேஜையில் போர்வையை விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தார். பிடிவாதமான துணி. இந்த ஜென்மத்தில் இப்படி ஒரு சுருக்கத்தை அவர் கண்டதில்லை. ஒரு மடிப்பை அமுக்கினால் பக்கத்தில் இன்னொன்று எழுந்து முறைத்தது. விடுவாரா? கடைசிச் சட்டையை மடித்து அடுக்கியபோது மேஜையின் மேல் ஒரு வெள்ளைப் புத்தகக்கட்டு மாதிரி இருந்தது. எப்போதோ ஒருமுறைதான் தனக்குத் தானே சிரித்துக்கொள்வார். அன்று சிரித்துக்கொண்டார்.

தேநீர் நேரத்துக்கு எல்லோரும் ஈரத் தலையோடு திரும்பி வந்தார்கள். அவர் அடுக்கைக் கொண்டுவந்து சம்பந்தியம்மாள் முன்னால் வைத்தார். மேலே இருந்ததை மாப்பிள்ளை எடுத்து உதறினான்.

"அம்மா... இது என் கல்யாணச் சட்டையா, ஸ்கூல் யூனிஃபார்மா?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தத் துணியே அப்படித்தானாம். சுருக்கம்தான் அதன் அழகாம். அலை பின்வாங்கின மணலில் வரி வரியாக இருக்குமே, அந்த மாதிரி இருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் கடை கடையாக ஏறி இறங்கித் தேடி வாங்கியதாம். சுருக்கம் போகாமல் இருக்கத்தான் முறுக்கிக் கட்டியிருந்தாளாம்.

அவள் ஒரு சட்டையை மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. "எங்க ரசனை உங்களுக்குப் பிடிக்கலேன்னா வாயால சொல்லியிருக்கலாம் சம்பந்தி. பெட்டியைச் சூடு பண்ணித்தான் சொல்லணுமா?"

பெண் அப்பாவைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. போனில் கேட்ட அந்த 'சரிம்மா' அவள் முகத்தில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. நேராகப் போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள், ஒயரைச் சுற்றினாள், தன் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

மனைவி அவர் காதருகில் வந்து, "என்னங்க, ஏதாவது சொல்லுங்க. இப்ப விட்டா எப்பவுமே இல்ல" என்றாள்.

கவுண்டர் வாக்கியங்களில் மிச்சம் ஒன்றுதான் இருந்தது. அது இங்கே உதவாது. அவர் தொண்டையைச் செருமினார். "வாளி இருக்கா?"

"என்னது?" என்றார் பெரியப்பா.

"வாளி. தண்ணி. நல்லா நனைச்சு, முறுக்கி, கட்டிப் போடணும். வந்த மாதிரியே. ராத்திரி அப்படியே கிடக்கட்டும், காலையில வெயில்ல காயட்டும். சுருக்கம் திரும்ப வந்துரும்." பிறகு நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார்: "வரணும். நான் இதுவரைக்கும் எடுத்துத்தான் பழக்கம். வெச்சதில்ல. முறுக்க ரெண்டு பேர் வேணும்."

யாரும் அசையவில்லை. அவரே வாளியைக் கொண்டுவந்து வாசலில் வைத்து மாப்பிள்ளையின் சட்டையை முக்கினார். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையோடு தடுமாறினார். அவருடைய மொடமொடப்பான வெள்ளைச் சட்டையில் தண்ணீர் சொட்டியது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தாள். "குடுங்க இப்படி. தனியா முறுக்கி உங்க மடிப்பு கலைஞ்சா அதுக்கு வேற என்னைத்தான் முறைப்பீங்க."

ஆளுக்கொரு பக்கம் முறுக்கினார்கள். கையில் துணி இருந்ததாலோ என்னவோ, அவருக்கு நாக்கு இளகிவிட்டது.

"நான் உங்களை முறைக்கல சம்பந்தியம்மா."

"பின்ன? அன்னிக்கு முழுக்க என்னையேதானே பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

"உங்க முந்தானை. நாற்காலிக் கால்ல மாட்டிக்கிட்டு அப்படியே கசங்கிட்டே இருந்துச்சு. எடுத்துவிடுங்கன்னு சொல்லவும் முடியல, பார்க்காம இருக்கவும் முடியல. அந்த அவஸ்தையில நீங்க பேசினது எதுவுமே என் காதுல விழல."

அவள் முறுக்குவதை நிறுத்தினாள். "முந்தானையா?"

"நல்ல புடவை. பச்சை. இன்னும் அந்தச் சுருக்கம் போயிருக்காது."

பெரியப்பா வாசற்படியில் உட்கார்ந்து தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவள் இன்னும் சிரிக்கவில்லை. "சரி, முந்தானையை விடுங்க. என் பையனைப் பிடிச்சிருக்கா இல்லையா? அதைச் சொல்லுங்க."

அவர் இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார். "மாப்பிள்ளை எங்க ஊருக்கு வேலைக்கு வந்த புதுசுல கடைக்கு வருவார். வாரா வாரம். அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. சாயங்காலம் கவுண்டர்ல என் பொண்ணு உட்கார்ந்திருக்கிற நேரமாப் பார்த்து. கொண்டு வர்றது எல்லாம் சுத்தமான துணி. நான் தேய்ச்சுக் குடுத்த சட்டையையே மடிப்புக்கூடக் கலையாம திரும்பக் கொண்டுவந்து நீட்டுவார். எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேக்கல. ஒவ்வொரு தடவையும் தண்ணி தெளிச்சு, புதுசா வந்த மாதிரியே தேய்ச்சுக் குடுத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். வாழ்நாளில் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. "இஷ்டமில்லாதவன் செய்யற வேலையா அது?"

மாப்பிள்ளை கடலைப் பார்ப்பது மாதிரி திரும்பிக்கொண்டான். காது மட்டும் சிவந்து தெரிந்தது.

"அடப்பாவி" என்றாள் அம்மா மகனைப் பார்த்து. "அதான் அப்ப அனுப்பின போட்டோல எல்லாம் மொடமொடன்னு நின்னியா? நான்கூடப் பையன் பொறுப்பாயிட்டான்னு நினைச்சேன்!" சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. இந்தமுறை உதட்டோடு நிற்கவில்லை. கை தளர்ந்ததில் முறுக்கின சட்டை சரசரவென்று பிரிந்து இருவர் மேலும் தண்ணீரை அடித்தது. மறுபடி முதலிலிருந்து.

பிறகு, வந்திருந்த எல்லோருமே வாசலில் இறங்கிவிட்டார்கள். தம்பிகள் ஒரு சட்டை, சிநேகிதர்கள் ஒரு சட்டை. பெரியப்பாவும் இவர் மனைவியும் முறுக்கியதில் ஒரு பித்தான் தெறித்து மணலில் விழுந்தது. "அப்படி இல்லீங்க, ஒரே பக்கமா!" என்று அவர் ஒவ்வொரு ஜோடியாகப் போய் நின்று கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. சத்தம் கேட்டுப் பெண் கதவைத் திறந்து பார்த்தாள். அப்பாவின் சட்டை உடம்போடு ஒட்டிச் சுருங்கிக் கிடந்தது. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அவள் கதவைத் திரும்பச் சாத்தவில்லை.

மறுநாள் காலை வெயிலில் சட்டைகளைப் பிரித்தார்கள். சுருக்கம் வந்திருந்தது. பழைய சுருக்கம் இல்லை. ஒவ்வொன்றும் முறுக்கினவர்கள் பலத்துக்குத் தக்கபடி. பெரியப்பா முறுக்கினது மரப்பட்டை மாதிரி இருந்தது. மாப்பிள்ளையுடையதில் ஒரு கை மட்டும் சுருங்காமல் நின்றுவிட்டது. சிரிப்பில் முறுக்கு பிரிந்து, திரும்ப முறுக்கியும் சரியாக அகப்படாத கை.

"கடையில வாங்கினது இப்படியா இருந்துச்சு?" என்று பெரியப்பா கேட்டார்.

"இதான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டாள் மாப்பிள்ளையின் அம்மா. அதற்குமேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது என்பது எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

மதியம் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது அவள் வந்தாள். கையில் பச்சைப் புடவை.

"சாயங்காலம் கட்டிக்கறதுக்குக் கொண்டுவந்தேன். நீங்க சொன்னது நிஜம்தான். முந்தானையில அந்தச் சுருக்கம் இன்னும் இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "இது மட்டும் சுருக்கமில்லாம இருக்கணும் சம்பந்தி."

அவர் புடவையைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. திரும்பிக் கதவோரம் நின்றிருந்த பெண்ணைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கிற பையன் மாதிரி.

பெண் உள்ளே போனாள். ஒயர் சுற்றிய இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

"ஒரே ஒரு உருப்படி. அதோட சரி. வேற யார் துணி மேலயாவது கண்ணு போச்சு, கல்யாணத்தை நிறுத்திடுவேன்."

அவர் எழுந்து புடவையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முந்தானையை விரல்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, முதல்முறையாகக் கழுத்துக்குப் பக்கத்தில் நிற்காமல், சம்பந்தியம்மாளின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"எப்ப வேணும்?"