கறுப்புக் காகிதத்தில் ஒரு மரம்

பேத்தி கறுப்பு சார்ட்டில் வெள்ளை வண்ணத்தைத் தொட்டு மரம் வரைந்துகொண்டிருந்தாள். சட்டென்று சின்ன வயதில் நாங்கள் இருந்த மாட்டுங்கா வீட்டு ஜன்னல் என் கண்முன் வந்துவிட்டது.

அம்மாவுக்குத் தீராத இழுப்பு. ஈரக்காற்று ஆகாதென்று மழைக்காலம் முழுக்க ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்போம். கண்ணாடிக்கு வெளியே நின்ற தூங்குமூஞ்சி மரம்தான் அவளுக்குத் துணை. யுத்தம் வந்ததும், விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று சர்க்கார் உத்தரவு. அப்பா அந்தக் கண்ணாடியிலும் கறுப்புக் காகிதத்தை ஒட்டினார். மரம் மறைந்துபோயிற்று.

"போனாப் போறது" என்றாள் அம்மா. கோலத்துக்குக் கரைத்த அரிசிமாவை விரலில் தொட்டு, காகிதத்தின் மேலேயே மரத்தைப் போட ஆரம்பித்தாள். தினமும் ஒரு கிளை, அதில் தவறாமல் ஒரு கிளி. கை ஓட ஓட மூச்சும் தணியும். மெல்லப் பாடக்கூடச் செய்வாள்.

யுத்தம் முடிந்தது. அப்பா மனசே இல்லாமல்தான் காகிதத்தைக் கிழித்தார். பின்னால் நிஜ மரம் மழையில் குளித்துக்கொண்டிருந்தது. அம்மா அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்னா, பரவாயில்லையே, என்னோடது மாதிரியே இருக்கு! கிளிதான் ஒண்ணுகூடக் காணோம்."

பேத்தியின் கிண்ணத்தில் விரலை நனைத்தேன். அவள் மரத்திலும் கிளியைக் காணோம்.