காலியாக விட்ட இரண்டாவது பெயர்

எங்கள் விதைப் பரிசோதனைக் கூடத்தில் அவரை எல்லோரும் லென்ஸக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் மட்டும் மேடம் என்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, தகுதிகாண் பருவம், யாரை எப்படிக் கூப்பிட்டால் எது போகும் என்று தெரியாத நேரம்.

நடைக்கூடத்தின் கடைசி அறை அவருடையது. வடக்குப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல்; அதன் கீழே மேசை; மேசைமேல் வெள்ளைத் தட்டு, சாமணம் என்கிற சிறு இடுக்கி, கழுத்து வளைந்த விளக்கு, லென்ஸ். மூட்டை மூட்டையாக வரும் விதையிலிருந்து சோதனை மாதிரியாக ஒரு கைப்பிடி அவரிடம் போகும். அதைத் தட்டில் பரப்பி, ஒவ்வொரு மணியாகச் சாமண நுனியால் ஒதுக்கிக்கொண்டே வருவார். நல்ல விதை இடப்பக்கம், உடைந்தது வலப்பக்கம், களைவிதை நடுவில். பிறகு களைவிதை ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுவார். முப்பத்தோரு வருடம் அவர் செய்தது இதுதான்.

அறையில் இன்னொரு நாற்காலி உண்டு. அதன்மேல் எப்போதும் பழைய கோப்புகள் இருந்தன. உட்கார ஆள் வராத நாற்காலிக்கு வேறு என்ன மரியாதை கிடைக்கும்? மதியம் மற்றவர்கள் சேர்ந்து சாப்பிடும் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போது, இவர் ஜன்னலைப் பார்த்தபடி டப்பாவைத் திறந்து, பத்து நிமிடத்தில் மூடிவிடுவார். கோபம் எதுவும் கிடையாது. சேர்ந்த முதல் வாரம் கூச்சத்தில் தனியாகச் சாப்பிட்டாராம். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை, இவரும் போகவில்லை. அப்படியே முப்பத்தோரு வருடம் ஓடிவிட்டது.

"லென்ஸக்காவுக்கு நம்ம மூஞ்சியெல்லாம் தெரியாதுடா. கடுகளவுக்கு மேல பெருசா இருந்தா அவங்க கண்ணுக்குப் படாது" என்பார் சாப்பாட்டு அறையில் ஒரு எழுத்தர். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவர் ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்னால் தீவனப் பயிர் விதையின் மாதிரி ஒன்று வந்தது. அதில் மூன்று விதைகள் மட்டும் வேறாக இருந்தன. மஞ்சள் கலந்த பச்சை, நீள்வட்டம், ஒரு பக்கம் சின்னப் பள்ளம். மூவிலைத் தீவனச் செடியான குளோவர் சாதிதான், இனிப்பு குளோவர். தாவரவியலில் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு பெயர்: முதலாவது குடும்பத்தைச் சொல்லும் பேரினப் பெயர், இரண்டாவது அந்த ஆளைச் சொல்லும் சிற்றினப் பெயர். முதல் பெயரை அவர் உடனே எழுதிவிட்டார்: மெலிலோட்டஸ். இரண்டாவது பெயரில்தான் பேனா நின்றது.

அந்தக் குடும்பத்தில் மஞ்சள் பூக்காரன் ஒருவன், வெள்ளைப் பூக்காரன் ஒருவன், மஞ்சளிலேயே சின்னப்பூக்காரன் இன்னொருவன். விதையாக இருக்கும்போது மூவரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். மஞ்சள் பூக்காரனின் விதையில் சில சமயம் ஊதாப் புள்ளி இருக்கும். இந்த மூன்றிலும் இல்லை. "இருந்தா அவன்னு சொல்லலாம். இல்லாததை வெச்சு எவன்னு சொல்ல?" என்று கேட்டாராம்.

தலைமை ஆய்வாளர் சிரித்துக்கொண்டே கடிந்தார். "வீட்டுப் பேரைச் சொல்லிட்டு ஆள் பேரைச் சொல்லாம விட்டா எப்படி? தபால்காரன் எந்தக் கதவைத் தட்டுவான்?"

"தெரியலன்னா தெரியலன்னு எழுதலாம்னு விதியிலயே இருக்கு சார்."

"இருக்கு. யார் எழுதுறா? உங்களைத் தவிர?"

அறிக்கை ஒற்றைப் பெயருடன் போனது. பதிவேட்டில் இரண்டாவது பெயருக்கான கட்டத்தில் பென்சிலால் சிறிதாக 'பூத்த பின்' என்று எழுதினார். பரிசோதனை முடிந்து தூக்கிப்போட வேண்டிய மூன்று விதைகளையும் அனுமதி கேட்டு வாங்கி, காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வீடு என்றால் மாடியில் ஒற்றை அறை, முன்னால் இரண்டு பேர் நிற்கும் அளவுக்கு ஒரு பால்கனி. கல்யாணம் அமையவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொந்தம் என்று ஒரு அண்ணனும் அண்ணியும் வேறு ஊரில் இருந்தார்கள். விதையின் தோல் கல் மாதிரி. அப்படியே போட்டால் வருடக்கணக்கில் தூங்கும். உப்புத்தாளில் மெல்ல உரசி, ஒரு தொட்டியில் ஊன்றினார். ஒன்று முளைக்கவே இல்லை. ஒன்று முளைத்த மூன்றாம் நாள் குருவிக்குப் போனது. மிச்சம் ஒன்று.

ஒரு காம்புக்கு மூன்று இலை, ஓரத்தில் நுண்ணிய பல். முதலில் இந்தச் செடிக்குப் பெயர் வைத்தவர் அந்த மூன்றிலையைப் பார்த்துத்தான் மூவிலைக் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்புறம் வந்தவர்கள், நீண்டு நிற்கும் பூங்கொத்தையும் காயையும் பார்த்துத் தனிக்குடித்தனம் வைத்தார்கள். தேனைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லை லோட்டஸுக்கு முன்னால் சேர்த்ததால் வந்தது மெலிலோட்டஸ் என்ற அந்தக் குடும்பப் பெயர். மஞ்சள் பூக்காரனுக்கு இரண்டாவது பெயர் ஆஃபிசினாலிஸ். மருந்துக்கடைக்காரர்கள் சரக்கு வைக்கும் அறையில் இருப்பது என்று பொருள். படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு இதெல்லாம் பாட்டு மாதிரி மனப்பாடம். பூ வராத செடியைப் பார்த்துக்கொண்டு ஒரு வருடம் சும்மா இருப்பது மட்டும் எந்தப் பாடத்திலும் எனக்கு வரவில்லை.

முதல் வருடம் அது பூக்கவில்லை. வேறு யாராவது என்றால் தொட்டியைத் திட்டியிருப்பார்கள். இவருக்கு அதுவே ஒரு பதில். சின்னப்பூக்காரன் வந்த வருடத்திலேயே பூத்து முடிந்து போகிறவன். ஆகவே அவன் இல்லை. மூன்று பேரில் ஒருவர் கழிந்தார். இந்தச் சேதியைச் சொல்ல அன்றைக்கு ஆள் யாரும் இல்லை; அதனால் ஒரு தாளில் தேதி போட்டு எழுதித் தொட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டாராம்.

குளிர்காலத்தில் மேலே இருந்ததெல்லாம் காய்ந்து உதிர்ந்தது. காய்ந்த இலையை உள்ளே எடுத்து வைத்தபோது அறை முழுக்க வெட்டிய புல் காய்வது போல இனிப்பாக ஒரு வாசனை. மண்ணுக்குள் வேர் மட்டும் உயிரோடு இருந்தது. மூன்று மாதம் வெறும் தொட்டிக்கு அளவாகத் தண்ணீர் ஊற்றினார். கீழ்வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று கேட்டார்:

"ஏங்க, செத்ததுக்கா தண்ணி ஊத்துறீங்க?"

"தூங்குதுங்க."

"நல்லாத் தூங்குது போங்க. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். தண்ணி ஊத்தினாத்தான் எழுந்திருப்பாரு."

அன்றைக்கு முழுவதும் அதை நினைத்து நினைத்துச் சிரித்ததாக என்னிடம் சொன்னார். வாரத்தில் ஒருவர் தன்னிடம் வேலை சம்பந்தமில்லாமல் பேசுவது அவருக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் நான் வேலையில் சேர்ந்தேன். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், அதுவும் தாவரவியல். என் அம்மா ஆயுள் முழுக்கப் பிடுங்கிப்போட்ட களைக்கெல்லாம் எனக்கு இரண்டிரண்டு பெயர் தெரியும் என்ற பெருமையோடு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் லென்ஸக்காவின் அந்த வரி வந்தது. கணினியில் இரண்டாவது பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால் பக்கம் சேமிக்காது. சிவப்பு நட்சத்திரம் காட்டி அடம்பிடிக்கும். நாலு முறை முயன்றேன். நடைக்கூடத்தின் கடைசி அறைக்குப் போய்க் கேட்டிருக்கலாம். முப்பது தப்படிதான். அன்று மாலைக்குள் முந்நூறு வரி முடிப்பதாகத் தலைமை ஆய்வாளரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

கட்டத்தைத் தட்டினால் ஒரு பட்டியல் விரிந்தது. ஆங்கில அகரவரிசையில் முதலில் இருந்தது ஆல்பஸ், அதாவது வெள்ளை. அதைத் தட்டினேன். நட்சத்திரம் மறைந்தது. அடுத்த வரிக்குப் போனேன்.

ஒரு மாதம் கழித்து அவருக்கு விடைகொடுத்தார்கள். தலைமை ஆய்வாளர் பேசினார்: "முப்பத்தோரு வருஷம். ஒரு அறிக்கைகூடத் திரும்பி வந்ததில்லை." கைதட்டினோம். தொட்டியில் அப்போது செடி மறுபடி தளிர்த்து ஒரு சாண் உயரம். பூ இல்லை.

ஓய்வு பெற்றதும் அண்ணன் வீட்டோடு போய்விடுவதாகத்தான் ஏற்பாடு. வண்டி பேசியாயிற்று. இவர் இரண்டு முறை தள்ளிப்போட்டார். இந்தச் செடியின் வேர் ஆழத்துக்குப் போகிறது; பூக்கும் தறுவாயில் வண்டியில் குலுக்கினால் நின்றுவிடும் என்று பயம்.

"ஏம்மா, பிறந்த பிள்ளைக்கே ஒரு மாசத்துல பேர் வெச்சிடுறாங்க. ஒரு களைக்குப் பேர் வைக்கவா நீ ரெண்டு வருஷமா உட்கார்ந்திருக்க?" என்றார் அண்ணன் தொலைபேசியில்.

"பேரு ஏற்கெனவே இருக்குண்ணே. எதுன்னுதான் தெரியல."

"தெரிஞ்சு?"

தெரிந்தால் அந்தக் கட்டம் நிரம்பும். முப்பத்தோரு வருடத்தில் அவர் முடிக்காமல் எழுந்து வந்தது அந்த ஒரு வரிதான்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் ஒரு காலையில் பூத்தது. மஞ்சள். அன்றே வரவில்லை அவர். கொத்தில் அடியிலிருந்துதான் பூக்கும். காயும் அதையே சொல்லட்டும் என்று, அடிப்பூ காயாகிற வரை இன்னும் இரண்டு வாரம் பொறுத்தார். காயின்மேல் குறுக்குவரி ஓடியதை லென்ஸில் பார்த்த பிறகுதான் ஒரு கிளையைக் கிள்ளி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பேருந்து ஏறினார்.

வாசலில் காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டினார். "என்னக்கா, உங்களையும் எழுதச் சொல்றாங்க, விதி. வந்த காரணம்னு ஒரு இடம் இருக்கு. சும்மான்னு போட்டுக்கட்டுமா?"

"சும்மா வரல. ஒரு பேர் சொல்லணும்."

"பேரா? யாருக்குக்கா, பேரப்பிள்ளைக்கா?" என்று கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவருடைய பழைய அறை பூட்டியிருந்தது. என்னிடம் அனுப்பினார்கள். ஈரத்துணியைப் பிரித்து என் மேசையில் வைத்தார். மேலே மஞ்சள் பூ, கீழே பழுப்பேறிய காய். இந்த இரண்டு வருடக் கதையை அப்போதுதான் நின்றபடியே சொன்னார். என் அறையில் உபரி நாற்காலி இல்லை. முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ரெண்டாவது பேரு எழுதிக்குங்க தம்பி. ஆஃபிசினாலிஸ்."

அந்த வரியை எடுக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. திரையை மறைக்கக்கூட நேரமில்லை. அவருடைய ஆய்வாளர் எண்ணுக்கு எதிரே 'ஆல்பஸ்' என்று இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தான் மேடம். காலியா இருந்தா சேமிக்கல... பட்டியல்ல முதல்ல இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இத்தனை வருஷத்துல நான் தப்பாச் சொன்னதா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுவும் நான் சொல்லாதது" என்றார். கிளையை என் மேசையிலேயே விட்டுவிட்டு, துணியை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேருந்து நிறுத்தத்தில் அவர் ஒருவர்தான் நின்றிருந்தார். மூன்று பேருந்துகள் வந்து போயின. எதிலும் ஏறவில்லை. நாலாவதில் ஏறினார்.

முப்பது நாள் தாண்டிய பதிவு பூட்டிக்கொள்ளும். திறக்க ஒரு படிவம் உண்டு; பிழைக்குக் காரணம், பொறுப்பானவர் என்று இரண்டு கேள்வி. 'தெரியாத பெயரைத் தெரிந்ததுபோல் நான் பதிந்தேன். ஆய்வாளர் அந்த இடத்தைக் காலியாகத்தான் விட்டிருந்தார்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

தலைமை ஆய்வாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "டிகிரி படிச்சவன் எழுதுற மாதிரியா இருக்கு இது? கணினிக் கோளாறுன்னு ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சது. அவங்கதான் போயாச்சே, யார் வந்து கேட்கப்போறா?"

"அவங்க வந்துட்டுப் போனாங்க சார்."

அந்தக் கையெழுத்துக்காக என் தகுதிகாண் பருவம் இன்னும் ஆறு மாதம் நீண்டது. வீட்டுக்குப் பேசியபோது அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. வேலை நிரந்தரமானதும் ஊர் முழுக்கச் சொல்லக் காத்துக்கொண்டிருந்தார். பதிவு திறந்தது. வெள்ளையை எடுத்துவிட்டு மஞ்சளின் பெயரைப் போட்டேன். கிளையைத் தாளில் ஒட்டி, வளர்த்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை முழுசாக எழுதி, அதே எண்ணோடு கோப்பில் சேர்த்தேன்.

அன்று மதியம் அவருக்குப் போன் செய்தேன். அதற்குள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பின்னால் தொலைக்காட்சி அலறியது. யாரோ அதைக் குறைக்கச் சொல்ல, யாரும் குறைக்கவில்லை.

"மாத்தியாச்சு மேடம். ஆஃபிசினாலிஸ்."

"என் நம்பருக்கு எதிரேயா?"

"ஆமா மேடம்."

"சரி தம்பி. அப்ப வெச்சிடட்டுமா?"

"சரி மேடம்."

அவர் வைக்கவில்லை. தொலைக்காட்சிச் சத்தம் மெல்லக் குறைந்தது. எழுந்து வேறு இடத்துக்கு, அநேகமாக வெளியே, போய் நின்றிருக்க வேண்டும். ஒரு வண்டி கடந்துபோகும் ஒலி கேட்டது.

"இன்னிக்கு சாம்பிள் ஏதாவது வந்துதா?" என்று கேட்டார்.

வந்திருந்தது. அவர் போன பிறகு அந்த வேலையும் என்னிடம் வந்ததால் தட்டு என் முன்னால்தான் இருந்தது. சாமணத்தை எடுத்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கி, நடுவில் ஒதுக்கி வைத்திருந்ததை ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். கறுப்பு, உருண்டை, மேலே சின்னச் சின்னக் குழி. அவர் "ம்" என்றார். அடுத்ததைச் சொன்னேன்.