நாற்காலி இல்லாத வகுப்பு

எங்கள் வீட்டில் இரண்டு டீச்சர். அக்காவுக்கு அரசுப் பள்ளி, எனக்குத் தனியார் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வந்தால் தெரிந்தவர் யாராவது, "உங்க ரெண்டு பேர்ல யாருக்கும்மா வேலையில திருப்தி?" என்று கேட்டுவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவின் வகுப்பில் நல்ல மர நாற்காலி இருக்கிறது. அதில் அவள் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. கணக்கெடுப்பா, வாக்காளர் பட்டியலா, எதுவானாலும் டீச்சரைத்தான் வீடு வீடாக அனுப்புகிறார்கள். போன இடத்தில் கதவைத் திறக்காமலே ஜன்னல் வழியாகப் பேசி அனுப்புகிறார்கள். "பாடம் எடுக்க வுட்டா போதும்டீ, வேற இன்னா கேட்டேன்?" என்பாள். அவள் கேட்பது தப்பா?

என் பள்ளியின் கதை வேறு. கோடை விடுமுறை முடிந்து போனால் ஒரு வகுப்பிலும் டீச்சர் நாற்காலி இல்லை. நின்றுகொண்டு நடத்தினால்தான் பிள்ளைகள் கவனிப்பார்களாம். வகுப்புக்கு ஒரு கேமரா வேறு. நாங்கள் நிற்கிறோமா என்று பிரின்சிபால் தன் அறையில், மெத்தை வைத்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்.

பக்கத்து வகுப்புக் கணக்கு மிஸ்ஸுக்கு ஆகஸ்டில் ஏழாம் மாதம். மத்தியானத்துக்குள் கால் வீங்கி, செருப்பு வார் சதையில் பதிந்துவிடும். ஒரு நாற்காலி கேட்கப் போனாள். நானும் கூடப் போனேன்.

"உங்களுக்கு ஒண்ணு குடுத்தா எல்லாரும் கேப்பாங்க மிஸ்" என்றார் பிரின்சிபால், குரலில் தேன் ஒழுக. "முடியலன்னா வீட்ல ரெஸ்ட் எடுங்க. நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்."

அதன் அர்த்தம் புரியாத டீச்சர் எங்கள் பள்ளியில் இல்லை. வெளியே வந்ததும் அவள், "வேணாம் மிஸ், விடுங்க. கொழந்த பொறந்தப்புறம் என்னத் திரும்பச் சேத்துக்கணுமே" என்றாள். நான் விடவில்லை. மறுநாள் நூலகத்திலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வகுப்பில் போட்டேன். முதல் பீரியட் முடிவதற்குள் ஆயாம்மா வந்து நின்றார். "தப்பா நெனச்சுக்காதீங்கோ மிஸ், எடுத்துனு வரச் சொல்லிட்டாரு." அவரிடம் கோபப்பட்டு என்ன செய்ய?

அப்புறம் ஆசிரியர் தினம் வந்தது. எங்களை மகிழ்விக்க நிர்வாகம் ஏற்பாடு செய்திருந்த விளையாட்டு என்ன தெரியுமா? மியூசிக்கல் சேர். ஸ்டோர் ரூமில் பூட்டிவைத்திருந்த எங்கள் நாற்காலிகளையே துடைத்து, மைதானத்தில் வட்டமாகப் போட்டிருந்தார்கள். கை உடைந்த என் நாற்காலியும் அதில் இருந்தது. இதைத் திட்டமிட்டவர்களில் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லை என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பாட்டு ஓடியது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் நாற்காலிக்காக நாங்களே ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓடினோம். பிள்ளைகள் கைதட்டினார்கள். கணக்கு மிஸ் ஓட முடியாது என்று பந்தல் கால் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் நின்றுகொண்டுதான்.

முதல் சுற்று முடிந்ததும் வழக்கப்படி ஒரு நாற்காலியை வெளியே எடுத்தார்கள். நான் ஆட்டத்தை விட்டுவிட்டு, அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டேன். "உக்காரு" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேடையில் இருந்த பிரின்சிபாலைப் பார்த்தாள்.

அவர் மைக்கில் சிரித்தார். "உக்காருங்க மிஸ், தாராளமா உக்காருங்க. இன்னிக்கு உங்க நாள்."

"நாளைக்கு, சார்?" என்று கேட்டேன். மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்டது.

அவர் பாட்டைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்த கணக்கு மிஸ் கடைசிவரை உட்காரவே இல்லை.