காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு கழிவுத் தோல்

எங்கள் தந்தையாரின் கடைசி ஆண்டைப் பற்றிப் பலரும் பலவிதமாகக் கேட்டார்கள். நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. பொங்கல் கழிந்து அப்பாவுக்கு வலப்பக்கம் வாதம் கண்டது. கால் தேறியது. கை தேறவில்லை.
2. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் மேஜையை அவர் விட நேர்ந்தது. ஆடி முடிவதற்குள் கை சரியானால் இடம் அவருக்கே என்று முதலாளி வாக்களித்தார்.
3. அப்பா பழைய காற்றுத் துப்பாக்கியைக் கழற்றிப் போட்டார்.
4. அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதா, தாமே செய்வதா என்பதில் வீடு இரண்டுபட்டது.
5. துப்பாக்கி சுட்டது. அப்பா மேஜைக்குத் திரும்பினார்.
6. கார்த்திகை மழையில் வாதம் மீண்டும் வந்தது. அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறினார்.

மாதனூருக்கு அருகே பாலாற்றங்கரையில் பிறந்தவர் அப்பா. பெற்றோரைப் பேதியில் இழந்து, சின்ன வயதிலேயே தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் இறங்கினார். பின்பு தரம் பிரிக்கும் மேஜைக்கு உயர்ந்தார். தோலின்மேல் வலக்கைக் கட்டைவிரலை ஓட்டும்போது கண் வேறெங்கோ இருக்கும். தரம் சரியாக இருக்கும். யாருக்காகவும் மட்டமான தோலை நல்லதென்று சொன்னதில்லை. அண்ணனை ஜோலார்பேட்டை ரயில்வேயில் ஃபிட்டராக்கியதும், என்னை வேலூரில் நர்ஸ் படிப்புக்கு அனுப்பியதும் அந்தக் கட்டைவிரல்தான்.

தோல் காயும் களத்தில் காக்கையையும் பருந்தையும் விரட்டுவதற்கு வெள்ளைக்கார மானேஜர் ஒருவர் வைத்திருந்த துப்பாக்கி அது. ஊருக்குப் புறப்பட்டபோது அப்பாவிடம் கொடுத்துப்போனார். வெடிமருந்து கிடையாது. உள்ளே ஒரு ஸ்பிரிங் தண்டைத் தள்ளும்; தண்டின் தலையிலுள்ள கிண்ணம் போன்ற தோல் காற்றை அடைத்துக் குண்டை வெளியே தள்ளும். பெட்டியில் கிடந்து அந்தத் தோல் மக்கிவிட்டது.

வேலையில்லாத அப்பா வீட்டில் ஓரிடத்தில் இருக்கவில்லை. வாசலுக்குப் போவார், வருவார், துப்பாக்கியைத் தொடுவார், மறுபடி வாசலுக்குப் போவார். திருகாணிகள் உப்புச் சாடியில் கிடைத்தன. அம்மா கத்தினார். நானும் விடுமுறைக்கு வந்தால் அவர் பின்னாலேயே நடந்துகொண்டிருப்பேன்.

"துப்பாக்கி ரிப்பேர் பண்ற வேலூர் பாய்கிட்ட குடுத்தா ஒரு வாரத்துல ரெடி. எதுக்குப்பா இந்த பேஜாரு?" என்றார் அண்ணன்.

"துப்பாக்கி வந்துடும்டா. கை வருமா?"

நான் அண்ணன் பக்கம். அழுத்தி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் கண் போகும். ஒரு கையால் அதைப் பிடிக்க முடியாது. முகத்துக்கு அருகே அதைக் கழற்றக் கூடாது. மூன்றையும் சொன்னேன். "நர்ஸம்மா மூணு மாத்திரை குடுத்துட்டாங்க," என்று அம்மாவிடம் சிரித்துவிட்டு, அப்பா ஸ்பேனரை எடுத்தார்.

தோல் கிண்ணத்தை இடக்கையால் வெட்டினார். தொழிற்சாலையிலிருந்து கேட்டு வாங்கிய முதல் தர ஆட்டுத்தோல். பூ மாதிரி இருந்தது. பொருத்திச் சுட்டபோது தோல் கிழிந்து, குண்டு அவர் காலடியில் விழுந்தது. மறுபடி வெட்டினார், அதுவும் கிழிந்தது.

"காணிக்கைப் பையில போடற மாதிரி இல்ல போடுது!" என்றார் அம்மா.

கடைசியில் அண்ணனும் நானும் அவரை வற்புறுத்தி, துப்பாக்கியோடு வேலூருக்கு அழைத்துச் சென்றோம். பாய் கிழிந்த தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, பட்டுத் துணியில மூட்டை கட்றீங்களா? அடி தாங்கற தடிப்பு வேணும். மாட்டுக் கழுத்துத் தோல் கொண்டாங்க."

"அது மட்டம் பாய். நான் கழிச்சுப் போடறது."

"நீங்க கழிங்க. துப்பாக்கிக்கு அதான் ஜோரு. ஸ்பிரிங்கை நான் அடக்கித் தர்றேன், அது என் வேலை. தோலு உங்க வேலை. நாம ரெண்டு பேரும் சேந்தாத்தான் இது சுடும்."

வீட்டில் உரலுக்கடியில், ஆடாமலிருக்க அம்மா போட்டிருந்த கழிவுத் தோல் ஒன்று இருந்தது. சூட்டுக்கோல் தழும்போடு தடித்த மாட்டுக் கழுத்து. அப்பாவே என்றோ கழித்தது. உரலைச் சாய்க்கச் சொல்லி அதை உருவினார்.

"என் தோல விடுங்க! உரல் ஆடும்," என்றார் அம்மா.

"ஆடட்டும்."

வெட்டும்போது அப்பாவின் வலக்கைக் கட்டைவிரல் தோலின்மேல் கிடந்தது. திடீரென்று நிறுத்தினார். "பாப்பா, இந்த எடம் சொரசொரன்னுதான இருக்குது?"

தொட்டுப் பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் இருந்தது. மாதக்கணக்கில் அந்த விரலில் நான் ஊசி நுனி வைத்துப் பார்த்தும் அவர் உணர்ந்ததில்லை. தலையை ஆட்டினேன்.

மறுபடி வேலூருக்குப் போனோம். பாய் ஸ்பிரிங்கை அடக்க, அப்பா தோலைப் பொருத்தினார். குண்டு மதில்மேலிருந்த தகர டப்பாவைத் தள்ளியது. ஆடி முடிவதற்குள் அப்பா மேஜையில் உட்கார்ந்தார்.

ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை. கழித்த தோல் கட்டுகளை மறுபடி அவிழ்த்துப் பார்ப்பாராம். "மேஸ்திரிக்குக் கை வந்துச்சு, மனசு எளகிப்போச்சு," என்று களத்தில் கேலி செய்தார்கள். வீட்டில் அப்பா சொன்னார்: "நல்லது எது, மட்டம் எதுன்னு தெரியுது. மட்டம் எதுக்கு ஆவும்னும் கேக்கத் தோணுது. அதான் நேரம் ஆவுது." அந்தக் கேள்வியோடுதான் கார்த்திகை வரை வேலைக்குப் போய்வந்தார்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றிய முதலாளிக்கும், அடக்கத்துக்குத் தோள் கொடுத்த களத்து நண்பர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், கூலி வாங்க மறுத்த வேலூர் பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கங்கள்.

துப்பாக்கி சுவரில் தொங்குகிறது. தோல் இன்னும் காற்றை விடவில்லை. குறி சற்று இடப்பக்கம் விலகுகிறது, அண்ணன் திருத்தவில்லை. உரலுக்கடியில் வேறு தோல் வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. உரல் ஆடுகிறது.