எட்டு ஸ்டூல்கள்

அந்தத் துணிக்கடையில் உட்காரும் பாக்கியம் மூன்று தரப்புக்குத்தான். முதலாளிக்குச் சுழல் நாற்காலி, வாடிக்கையாளருக்கு மெத்தை வைத்த இருக்கை, கண்ணாடி ஜன்னலில் கால் மேல் கால் போட்டிருக்கும் பொம்மைக்கு ஒரு சோபா. விற்கும் பெண்கள் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால்கூட கேமரா பார்த்துவிடும். மேனேஜர் மைக்கில் பெயர் சொல்லி மானத்தை வாங்குவார்.

கொக்கக்கா அங்கே பதினேழு வருஷம் நின்றவள். கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதைப் பார்த்துக் கூட வேலை செய்யும் பெண்கள் வைத்த பெயர் அது. முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு புடைத்து, கணுக்காலில் ஆறாத புண். "இன்னும் ஆறு மாசம் இப்படியே நின்னீங்கன்னா காலுக்கு நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் அவளுக்கும் படிக்கிற மகளுக்கும் சோறு இல்லை.

அன்று காலை கவுண்டருக்குப் பின்னால் எட்டுப் புது ஸ்டூல்கள். கடைப் பெண்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்ற சட்டப்படி தொழிலாளர் அதிகாரி சோதனைக்கு வருகிறாராம். மேனேஜர் எட்டுப் பெண்களையும் வரிசையாக நிற்க வைத்தே பாடம் எடுத்தார்.

"ரெண்டு வருஷமா ஸ்டூல் இருக்குன்னு சொல்லணும். மாத்திப் பேசுறவங்க நாளைக்கு வரவேண்டாம்."

வந்த அதிகாரி ஒரு பெண். நேராகக் கொக்கக்காவிடம் போனார்.

"உட்கார விடுறாங்களா?"

"விடுறாங்க மேடம். ரெண்டு வருஷமா."

இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அவள் மேல் இல்லை. வேறென்ன சொல்வாள்?

"சரி, எல்லாரும் உட்காருங்க, பாக்கலாம்."

எட்டுப் பேரும் ஸ்டூல் நுனியில் ஒட்டிக்கொண்டார்கள். அதிகாரி ஏதோ எழுதி ஃபைலை மூடினார். மேனேஜருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

எட்டுப் பேரும் சட்டென்று எழுந்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் யோசிக்கவும் இல்லை. ஒரு ஸ்டூல் சரிந்து விழுந்தது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி ஃபைலை மறுபடி திறந்தார். "ஏம்மா எழுந்தீங்க?"

மரியாதைக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை தப்பிக்கும். மேனேஜர் கண்ணாலேயே அதைக் கெஞ்சினார். கொக்கக்கா நிமிர்ந்தாள். முதலாளியைப் பார்த்தாள்.

"கால் தானா எழுந்துடுச்சு மேடம். பதினேழு வருஷத்துல இன்னைக்குத்தான் இந்தக் கடையில உட்கார்ந்தேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முதலாளி எதிரிலேயே நின்றார். எழுந்திரு, எழுந்திரு என்று தொடை துடித்தது. இரண்டு கையாலும் ஸ்டூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.